அடைப்பைக்காரன் சொன்னது

நாற்பத்தொரு பேர் இறங்கினோம்.
விலங்கின் துரு கணுக்காலில்,
கடல் இன்னும் காதுக்குள்.
கரையில் வலை உலர்த்தியவனிடம் கேட்டேன்
இது எந்த ஊர்?
பினாங்கு என்றான்.
பொருள் புரியாமல் விழித்தேன். அவன்
மடியை அவிழ்த்து
ஒரு கொட்டைப்பாக்கை எடுத்துக் காட்டினான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பன்னிரண்டு வருஷம் வெற்றிலைப் பை சுமந்தவனைப்
பாக்குத் தீவுக்கே நாடு கடத்தியிருக்கிறது கும்பினி.
இளையவர் சிரிக்கவில்லை.
பலர் நடுவே பல் தெரியச் சிரிக்கலாகாது.
அது மூன்றாம் ஓலை.

அரண்மனையில் ஓர் ஏடு இருந்தது
பாளையத்துப் பிள்ளைகளின் நடைமுறைக்கென்று.
தினம் விடிந்ததும் அவர் உரக்கப் படிப்பார்,
பின்னால் நான் வெற்றிலைக்குக் காம்பு கிள்ளுவேன்.
அவருக்கு வாயில். எனக்கு நெஞ்சில்.

விலை கேளாதே.
மழைக்கு ஓடாதே.
கூப்பிட்ட குரலுக்கு உடம்போடு திரும்பு, கழுத்தை மட்டும் திருப்பாதே.
கோபத்தில் ஏவலாளைப் பேர் சொல்லாதே.
பந்தியில் கடைசி இலையில் நெய் விழுந்த பிறகே
உன் கை நனையட்டும்.

முதல் வாரமே மழை. இந்த ஊர் மழை
முன்னறிவிப்பு இல்லாதது,
கூரையைப் பிரித்து உள்ளே குதிப்பது போல.
கல் சுமந்த எல்லாரும் கொட்டகைக்கு ஓடினோம்.
அவர் மட்டும் நடந்து வந்தார்,
தலையில் கல்லோடு,
தேருக்கு முன்னால் வருகிறவர் மாதிரி.
சோம்பேறி என்று மேஸ்திரி
மூன்று பிரம்படி கொடுத்தான்.
அடுத்த மழையில் ஓடினார்.
சேற்றில் வழுக்கி உட்கார்ந்தார்.
மூன்றாம் ஓலை அன்றைக்கு நனைந்து போனது.

மரைக்காயர் கடையில் ஒரு நாள்
அங்கியில் மிஞ்சியிருந்த வெள்ளிப் பொத்தானைக் கழற்றி
ஒரு கை நெத்திலிக் கருவாட்டுக்கு வைத்துவிட்டு
மீதி கேளாமல் வந்தார்.
நான் திரும்பப் போய்ச் சண்டை போட்டு
எட்டுத் துட்டு வாங்கி வந்தேன்.
பெருநாளைக்குள் அவரே கற்றுக்கொண்டார்:
பெராப்பா, பெராப்பா என்று
வாழைப்பழக்காரியிடம் மன்றாடி
சீப்புக்கு மேல் ஒரு பழம் கொசுறு.
அதைத் தூக்கிக் காட்டினார் என்னிடம்
யானை பிடித்தவர் போல.

இப்படி ஒவ்வோர் ஓலையாக உதிர்ந்தது.
நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு கஞ்சி குறைந்த மாதம்.
அண்டாவின் அடி தெரிகிறது,
வரிசையில் பதினைந்து பேர் பாக்கி.
அவர் ஒதுங்கி நின்றார்.
எல்லார் சட்டியிலும் விழுந்த பிறகு போனார்.
அகப்பையில் ஆவி மட்டும்.
மறுநாளும். அதற்கு மறுநாளும்.

அரண்மனையில் அந்த விதிக்குச் செலவே கிடையாது,
கடைசி இலைக்கும் நெய் இருந்தது.
அதைச் சொன்னேன் அவரிடம்:
ஐயா, அந்த ஓலை இந்த ஊருக்கு எழுதியதல்ல.

எந்த ஓலை? என்றார்.
நிஜமாகவே மறந்திருந்தார்.
எனக்குப் பசிக்கவில்லை உலகா, என்றார்.
பொய் சொல்லாதே, ஏழாம் ஓலை.
அதை நான் நினைவூட்டவில்லை.

ஐப்பசியில் எனக்குக் குளிர்காய்ச்சல்.
கண் திறந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.
கைதிக்கு இரும்பு கூடாது, பாக்குவெட்டி ஏது?
மரத்தடியில் பொறுக்கிய பாக்கைக்
கல்லால் உடைத்துக்கொண்டிருந்தார்.
கிளிஞ்சல் சுண்ணாம்பை நடுவிரலால் தடவி
(நடுவிரலால்! என் அப்பன் பார்த்திருந்தால்)
மடிக்கத் தெரியாமல் மடித்து
நீட்டினார்.

அந்த ஏட்டில்
கொடுக்கிறவனுக்கே எல்லா ஓலையும்.
வாங்குகிறவன் எந்தக் கையால், எழுந்தா, படுத்தபடியா,
யாரும் எழுதி வைக்கவில்லை.
வாயைத் திறந்தேன்.

சுண்ணாம்பு அதிகம்.
நாக்கு வெந்துவிட்டது.
நன்றாக இருக்கிறது என்றேன்.